கணத்தைப் பிடித்த மாரே

சினிமாவைக் கண்டுபிடித்தவர் யார் என்று நம் விடுதியில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். எடிசன் என்பார் ஒருவர். லூமியேர் சகோதரர்கள் என்பார் மற்றொருவர். இரு கட்சிக்காரரும் எண்ணிப் பாராத மூன்றாமவர் ஒருவர் உண்டு. ஓடுகிற குதிரையையும் பறக்கிற பறவையையும் ஒரே லென்ஸின் வழியே, ஒரே சுருளின்மீது, வரிசை வரிசையாகப் படம் பிடிக்க அவர்களுக்கு முன்பே வழி கண்டவர் அவர். கண்ட பின்பு, அதைக் காட்சியாக்கிக் காசு பண்ணும் வேலை தமக்கு வேண்டாம் என்று நகர்ந்துகொண்டவரும் அவரே. ஏத்தியேன் ஜூல் மாரே என்பது அவர் பெயர். தொழிலால் உடலியல் ஆசிரியர்.

பிரெஞ்சு நாட்டில், திராட்சை மதுவுக்குப் பேர்போன பர்கண்டிப் பகுதியில், போன் என்னும் ஊரில் 1830-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் தேதி மாரே பிறந்தார். தகப்பனார் மது வியாபார நிலையம் ஒன்றில் உத்தியோகம் பார்த்தவர். பிள்ளை பாதிரியாராக வேண்டுமென்பது தாயாரின் ஆசை. வைத்தியராக வேண்டுமென்பது தகப்பனாரின் தீர்மானம். பிள்ளைக்கோ யந்திரங்களின் மீது மோகம். நம்மில் பலருடைய வீட்டுக் கதைதான். தகப்பனார் வென்றார். 1849-இல் மாரே பாரிஸ் நகரத்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். வைத்தியப் பட்டம் 1859-இல் கிடைத்தது. ஆனால் உள்ளே இருந்த என்ஜினீயர் ஓயவில்லை. வைத்தியருக்குரிய கேள்விகளை என்ஜினீயரின் கையால் தீர்ப்பதே அவருடைய ஆயுட்காலப் பணியாயிற்று.

முதலில் அவர் கை வைத்தது நாடியில். அக்காலத்து வைத்தியர் நோயாளியின் மணிக்கட்டில் விரலை வைத்து, இது இளைத்த நாடி, இது துள்ளும் நாடி என்று தம் அனுபவத்தைக் கொண்டு சொல்லிவந்தனர். ஒருவர் விரல் சொல்வதை மற்றொருவர் விரல் ஒப்புக்கொள்ள வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. நாடியை எழுதிக் காட்டும் கருவி ஜெர்மனியில் முன்பே இருந்தது. ஆனால் கனமானது, நாடியின் நுட்பமான வளைவுகளைத் தன் பளுவால் நசுக்கிவிடும். மாரே மெல்லிய நெம்புகோல் ஒன்றை மணிக்கட்டின்மேல் பொருத்தி, அதன் நுனி கரிபிடித்த தாளில் கோடு கீறும்படி செய்தார். ஒவ்வொரு துடிப்பின் ஏற்றமும் இறக்கமும், இறக்கத்தின் நடுவே வரும் சிறு மேடும்கூட அதில் விழுந்தன.

அடுத்து இதயம். மார்பில் நாம் உணரும் துடிப்பு இதயம் சுருங்கும்போது எழுவதா, விரியும்போது எழுவதா என்று அன்று பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. 1861-ஆம் ஆண்டு முதல் லியோன் நகரத்துக் கால்நடை வைத்தியப் பள்ளியைச் சேர்ந்த ஓகுஸ்த் ஷோவோ என்பவருடன் கூடி, உயிருள்ள குதிரையின் கழுத்து நரம்பு வழியாக நீண்ட குழாயைச் செலுத்தி, இதய அறைகளின் அழுத்தத்தை நேரே எழுதவைத்தார். கீழறை சுருங்கும் அதே சமயத்தில்தான் மார்பிலும் துடிப்பு எழுகிறது என்பது கோடுகளில் தெரிந்தது. வாதம் அத்துடன் ஓய்ந்தது. இன்று ஆஸ்பத்திரிகளில் இதயத்துக்குள் குழாய் விடும் சிகிச்சைக்கு இந்தக் குதிரை ஒரு மூதாதை.

அசையும் பொருள் எதுவாயினும் அது தன் கதையைத் தானே எழுதட்டும், மனிதனுடைய கண்ணும் காதும் சாட்சி சொல்ல வேண்டாம் என்பதே மாரேயின் கொள்கை. 1864-இல் பாரிஸில் பழைய நாடகக் கொட்டகை ஒன்று இருந்த கட்டடத்தில் சொந்தச் செலவில் ஆய்வுக்கூடம் அமைத்து அங்கேயே குடியிருந்தார். ஈயைச் சிறு இடுக்கியில் பிடித்து, அதன் சிறகின் நுனி சுழலும் கரி உருளையைத் தொட்டுத் தொட்டுப் போகும்படி வைத்தார். எண்ணிப் பார்த்தால் விநாடிக்கு 330 அடிப்பு! தேனீக்கு 190, குளவிக்கு 110, தட்டானுக்கு 28. சிறகு நுனியில் துளித் தங்க ரேக்கை ஒட்டி வெயிலில் பிடித்தபோது, நுனி எட்டு வடிவில் சுழல்வது பளிச்சென்று தெரிந்தது. நான் பௌதிகம் பயில்பவன். அலைவடிவம் காட்டும் மின்கருவியை ஆய்வுக்கூடத்தில் நித்தம் கையாள்கிறேன். இந்த மனிதர் ஈயின் சிறகையே பேனாவாக்கினார் என்று படித்தபோது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

1869-இல் கொலேஜ் தெ பிரான்ஸ் என்னும் உயர்கல்விச் சாலையில் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1873-இல் விலங்கு யந்திரம் என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். இந்நூலில்தான் குதிரை வருகிறது. பாய்ந்தோடும் குதிரை எந்தக் கணத்திலாவது நான்கு கால்களையும் தரையிலிருந்து எடுக்கிறதா என்பது நெடுநாளைய வழக்கு. ஓவியர்கள் முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நீட்டி அந்தரத்தில் மிதக்கவிட்டு எழுதிவந்தார்கள். மாரே குதிரையின் நான்கு குளம்புகளிலும் ரப்பர்ப் பந்து வைத்த லாடம் கட்டினார். பந்து தரையில் அமுங்கினால், அதிலிருக்கும் காற்று குழாய் வழியே ஏறி, சவாரி செய்பவன் கையிலுள்ள உருளையில் கோடு கீறும். நான்கு கோடுகளும் ஒருசேர இல்லாத இடைவெளி கிடைத்தது. ஆம், குதிரை கணநேரம் தரையை விட்டே எழும்புகிறது.

இந்நூலின் கருத்து கடல் கடந்து கலிபோர்னியா மாகாணத்தின் முன்னாள் கவர்னரும் குதிரைப் பிரியருமான லீலண்ட் ஸ்டான்போர்டின் காதுக்கு எட்டிற்று. அவருடைய பணத்தில், எட்வர்ட் மைபிரிட்ஜ் என்னும் புகைப்படக்காரர் 1878 ஜூன் மாதம் ஓட்டப் பாதையின் ஓரமாக 12 காமிராக்களை வரிசையாக வைத்து, குதிரையே நூல்களை அறுத்துக்கொண்டு ஓடும்போது ஒவ்வொரு காமிராவும் திறக்குமாறு செய்தார். கால்கள் நான்கும் தரையை விட்டிருந்தன. ஆனால் நீட்டியபடி அல்ல, வயிற்றுக்குக் கீழே சேர்த்து மடக்கியபடி! ஓவியர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு பிரெஞ்சு விஞ்ஞானப் பத்திரிகையில் இப்படங்களைக் கண்ட மாரே பரவசமடைந்து, பறவைகளையும் இவ்வாறே பிடிக்க முடியுமா என்று கேட்டு அப்பத்திரிகைக்கு எழுதினார். 1881-இல் மைபிரிட்ஜ் பாரிஸ் வந்தபோது தம் வீட்டில் விருந்து வைத்து அறிஞர்களை அழைத்தார். மைபிரிட்ஜ் கொண்டுவந்த பறவைப் படங்கள்தாம் அவருக்கு ஏமாற்றமாயின. காரணத்தைச் சற்று யோசித்தால் மாரேயின் மனம் விளங்கும். பறவை நூலை அறுத்துக்கொண்டு பறக்காது. அதோடு, குதிரை தானே காமிராவைத் திறப்பதால் படத்துக்கும் படத்துக்கும் இடையே சமமான காலம் இருக்குமென்ற உறுதி இல்லை. பன்னிரண்டு காமிரா என்றால் பன்னிரண்டு பார்வைக் கோணங்கள் வேறு. காலம் சமமாக அளக்கப்படாவிட்டால் வேகத்தைக் கணக்கிடுவது எப்படி? மைபிரிட்ஜுக்கு வேண்டியது படம். மாரேக்கு வேண்டியது அளவு.

இங்கே நம் பக்கத்துச் செய்தி ஒன்று குறுக்கிடுகிறது. 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி, அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த குண்டூரில் பூரண சூரிய கிரகணத்தைக் காணக் கூடாரமடித்தவர் ழூல் ஜான்சென் என்ற பிரெஞ்சு வானியலார். சூரியனைச் சுற்றி எழும் தீப்பிழம்புகளைக் கிரகணம் இல்லாத நாளிலும் நிறமாலைக் கருவி கொண்டு காணலாம் என்று அங்கே கண்டுகொண்டார். அதே ஜான்சென் 1874-இல் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பதிவுசெய்ய, சுழலும் தகட்டில் வரிசையாகப் படமெடுக்கும் ரிவால்வர் ஒன்றை அமைத்து ஜப்பானுக்கு எடுத்துப்போனார். அவருடைய ரிவால்வரிலிருந்து பிறந்ததுதான் மாரேயின் துப்பாக்கி.

1882-ஆம் ஆண்டு குளிர்காலம். இத்தாலியில், நேப்பிள்ஸ் நகரை அடுத்த பொசிலிப்போவில் மாரேக்கு ஒரு வீடு இருந்தது. குளிருக்கு அஞ்சி ஆண்டுதோறும் அங்கே போவார். அங்கே அவர் செய்த யந்திரம் பார்வைக்கு அசல் வேட்டைத் துப்பாக்கி. குழலுக்குள் லென்ஸ். பின்புறத்தில் சாவி கொடுத்தால் ஓடும் கடிகார யந்திரம். விசையை அழுத்தினால், ஒற்றைப் பிளவுள்ள தட்டு விநாடிக்கு 12 சுற்று சுற்றும். அதன் பின்னால் உணர்வூட்டிய கண்ணாடித் தகடு நின்று நின்று நகரும். நிற்கும் கணத்தில் பிளவு வந்து வெளிச்சம் புகும். ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழுவது விநாடியில் 720-இல் ஒரு பங்கு நேரம்தான். ஒரு தகட்டுக்குப் பன்னிரண்டு படம், ஒரு விநாடியில் ஆட்டம் முடிந்தது; உடனே அடுத்த தகட்டை மாற்றிக்கொள்ள 25 தகடுகள் கொண்ட பெட்டியும் உண்டு. கடற்புள்ளைக் குறிபார்த்துச் சுட்டுவிட்டு, ஒன்றையும் வீழ்த்தாமல் மகிழ்ச்சியோடு வீடு திரும்பும் இந்த மனிதரை அவ்வூர் ஜனங்கள் பித்தன் என்று நினைத்ததாகச் சொல்வதுண்டு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாய்ந்தோடும் குதிரை விநாடிக்கு 15 மீட்டர் போகிறதென்று வைத்துக்கொள்வோம். 720-இல் ஒரு விநாடியில் அது நகர்வது 2 சென்டிமீட்டர். படம் அவ்வளவாகக் கலங்காது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அது 1¼ மீட்டர் தாண்டிவிடும். குதிரைக்கு இது போதலாம். புறாவுக்கு? புறா விநாடிக்கு 8 தடவை சிறகடிக்கிறதென்று மாரேயே முன்பு அளந்திருந்தார். அப்படியானால் பன்னிரண்டு படத்தில் ஓர் அடிப்புக்கு ஒன்றரைப் படம்தான் கிடைக்கும். ஒன்றரைப் படத்தைக் கொண்டு சிறகின் போக்கை எவர் சொல்ல முடியும்? துப்பாக்கியைக் கண்டு உலகம் வியந்துகொண்டிருக்கையில் அதன் குறையை முதலில் கண்டவர் மாரேதான். சில மாதங்களில் அதைக் கைவிட்டார். எண்பது ஆண்டுகளுக்குப் பின், 1960-களில், பந்தய மைதானங்களில் பத்திரிகைப் படக்காரர்கள் வைத்திருந்த மோட்டார் பொருத்திய பிலிம் காமிராக்கள் விநாடிக்கு மூன்று நான்கு படங்களே எடுத்தன என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம். 36 படச் சுருள் பத்துப் பன்னிரண்டு விநாடியில் தீர்ந்துபோகும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து இரண்டு படங்களுக்கு நடுவே பத்து மீட்டர் பறந்துவிடும். மோட்டார் ஓடினால் போதும், தக்க கணம் தானாக அகப்படும் என்று நம்பியவன் வெறுங்கையோடு திரும்பினான். விநாடிக்கு எத்தனை என்ற கேள்வியைப் பொருளின் வேகத்தோடு சேர்த்தே கேட்க வேண்டும் என்பது மாரேக்கு 1882-லேயே தெரிந்திருந்தது.

அதே ஆண்டில் பாரிஸ் நகரசபையும் அரசாங்கமும் உதவ, பூலோஞ்ச் காட்டின் ஓரத்தில் உடலியல் நிலையம் ஒன்று உருவாயிற்று. வட்டமான ஓட்டப் பாதை. அதன் ஒரு பக்கத்தில், உள்ளே வெல்வெட்டும் கரியும் பூசிய ஆழமான இருட்டுக் கொட்டகை. எதிரே தண்டவாளத்தின்மேல் நகரும் காமிரா அறை. வெள்ளை உடுத்த மனிதன் கறுப்புப் பின்னணியின் முன்னே ஓடுவான். காமிராவில் தகடு அசையாது. அதன் முன்னே பிளவுகள் கொண்ட பெரிய தட்டு மட்டும் சீராகச் சுழலும். ஒவ்வொரு பிளவும் ஓர் உருவத்தைப் பதிக்கும். ஒரே தகட்டில், ஒரே அளவுகோலின் பக்கத்தில், ஒரே கடிகார முள்ளின் சாட்சியோடு, நடையின் எல்லாக் கட்டங்களும் விழுந்துவிடும். அளப்பதற்கு இதைவிட வசதி வேறில்லை.

இதிலும் ஒரு தொல்லை. மெதுவாக நகரும் பொருளுக்கு விநாடிக்கு அதிகப் படம் எடுத்தால் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். அதற்கு அவர் கண்ட உபாயம் விசித்திரமானது. 1883-இல் ஓடுபவனுக்குத் தலை முதல் கால்வரை கறுப்பு உடை போர்த்தி, கைகால்களின் எலும்பு வழியே வெள்ளைப் பட்டையும், மூட்டுகளில் வெள்ளைப் புள்ளியும் மட்டும் வைத்தார். மனிதன் மறைந்தான், அவனுடைய அசைவு மட்டும் கோடுகளின் விசிறியாகத் தகட்டில் நின்றது. இன்று சினிமாக் கம்பெனிகள் நடிகரின் உடம்பெல்லாம் புள்ளி ஒட்டிக் கணிப்பொறியில் அசைவைப் பிடிக்கின்றனவே, அந்த வித்தையின் பூர்வாசிரமம் இதுதான். 1887-இல் பறவையை மூன்று திசைகளிலிருந்து படம்பிடித்து, அதைக் கொண்டு சிறகடிப்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சிலை செய்து, அவற்றைச் சுழலும் உருளைப் பெட்டியில் வைத்துப் பிளவு வழியாகப் பார்த்தார். சிலைப் பறவை மெதுவாகப் பறந்தது.

உருவங்களைப் பிரிக்க ஒரே வழி, படம் விழும் பரப்பே நகர்வதுதான். கண்ணாடியை அவ்வளவு வேகமாக ஆட்ட முடியாது. அப்போது உணர்வூட்டிய காகிதச் சுருள் கடைக்கு வந்தது. 1888 அக்டோபரில் விநாடிக்குச் சுமார் இருபது படங்கள் விழுந்த காகிதப் பட்டையை விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார் மாரே. ஒவ்வொரு படத்தின்போதும் சுருள் ஒரு கணம் அசையாது நிற்க வேண்டும்; அடுத்த கணம் ஓட வேண்டும்; ஆயினும் கிழியக் கூடாது. இந்த நிற்றலும் ஓடலுமே சினிமா யந்திரத்தின் உயிர்நிலை. மாரே சுருளைக் கணநேரம் கவ்விப் பிடித்து விட்டுவிடும் அமைப்பொன்றைச் செய்தார். விரைவில் காகிதம் போய் செல்லுலாய்டு வந்தது. சிறகு முதலிய அதிவேகப் பொருள்களுக்கு வெளிச்ச நேரத்தை விநாடியில் 25,000-இல் ஒரு பங்காகக்கூடக் குறைத்தார். ஆனால் ஓரத்தில் துளை போடவில்லை. அதனால் படங்களின் இடைவெளி சீராக அமையவில்லை. படத்தைத் தனித்தனியே மேசையில் வைத்து அளப்பவருக்கு அது ஒரு பொருட்டன்று. திரையில் காட்டினாலோ உருவம் குதிக்கும். 1889-இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த எடிசன் மாரேயைச் சந்தித்து அவருடைய சுருள் கருவியைப் பார்த்துவிட்டுப் போனார். துளையிட்ட சுருள் எடிசனின் கூடத்திலிருந்து வெளிவந்தது.

இவ்விடத்தில் ஜார்ஜ் தெமெனி என்பவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் அநியாயம். 1880-களின் தொடக்கத்திலிருந்து மாரேயின் உதவியாளர் அவர். ஆசிரியர் நேப்பிள்ஸில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, பாரிஸின் பனியில் நிலையத்தை நடத்தியவர் தெமெனி. தெற்கிலிருந்து கடிதங்கள் வரும். அவற்றில் கண்டபடி சோதனைகள் நடக்கும். பல படங்களில் ஓடுபவரும் குதிப்பவரும்கூட அவரே. 1891-இல் காது கேளாதவர்கள் உதட்டசைவைக் கற்பதற்காக, தாம் இரண்டு சிறு வாசகங்களைப் பேசும்போது முகத்தைப் படம்பிடித்து, அதை அசைந்து காட்டும் கருவியையும் செய்தார். பார்த்தவர்கள் வியந்தனர். இதைப் பொதுமக்களுக்குக் காட்டலாம், விற்கலாம் என்பது தெமெனிக்குப் புரிந்துவிட்டது. கம்பெனியும் ஆரம்பித்தார். உடலியலுக்காகப் பொதுப்பணத்தில் நடக்கும் நிலையம் வியாபாரத்துக்கு வாசலாகக் கூடாது என்றார் மாரே. 1894-இல் தெமெனி வெளியேற வேண்டியதாயிற்று.

யார் பக்கம் நியாயம்? மாரேயின் வாழ்க்கையை எழுதுவோர் பலரும் ஆசிரியர் பக்கமே சாய்கிறார்கள். நான் ஆராய்ச்சி மாணவனாகப் போகிறவன். என்னால் அவ்வளவு சுலபமாகச் சாய முடியவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் கையோடு கையாக இருந்த ஒருவர், தாமும் கண்டுபிடித்ததன் பலனைத் தேடினால் அது குற்றமா? சுருளைத் தட்டித் தட்டி இழுக்க தெமெனி செய்த அமைப்பைப் பின்னாளில் கோமோன் கம்பெனி முதலியோர் பயன்படுத்தினர். பெரும் பணம் கண்டவர்கள் பிறரே. மாரேயின் தூய்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தூய்மைக்குரிய செலவில் ஒரு பங்கைத் தெமெனி கொடுத்தார் என்பதையும் மறப்பதற்கில்லை.

அதே 1894-இல்தான் பூனை விழுந்தது. தலைகீழாகப் பிடித்து விட்ட பூனை எப்போதும் நான்கு காலிலேயே இறங்குகிறது, எப்படி? பிடிப்பவன் கையை உந்தித்தான் அது திரும்புகிறது, காற்றில் பற்றுக்கோடு இல்லாமல் எந்தப் பொருளும் தானே திரும்ப இயலாது என்று கணித வல்லுநர்கள் சொன்னார்கள். கோண உந்தம் மாறாது என்ற விதியை நாமும் பரீட்சைக்கு அப்படித்தான் எழுதுகிறோம். மாரேயின் சுருள் படங்களைப் பார்த்தால், விட்ட கணத்தில் பூனைக்குச் சுழற்சியே இல்லை. முதலில் முன்னங்கால்களைக் கழுத்தோடு ஒடுக்கிப் பின்னங்கால்களை நீட்டுகிறது. அப்போது முன்னுடல் வெகுவாகத் திரும்ப, பின்னுடல் எதிர்த்திசையில் சிறிதளவே திரும்புகிறது. பிறகு முன்னங்கால்களை நீட்டிப் பின்னங்கால்களை ஒடுக்குகிறது, பின்னுடல் திரும்பிவிடுகிறது. விதி உடையவில்லை. ஒரே விறைப்பான பொருள் என்று பூனையை நினைத்தவர்களின் கணக்குத்தான் உடைந்தது. கழகத்தில் பலத்த விவாதம் நடந்தது. மறு ஆண்டு அக்கழகத்துக்கு மாரேயே தலைவர்.

1895 டிசம்பர் 28-ஆம் தேதி பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டினார்கள். உலகமே கொட்டகைக்கு ஓடிற்று. மாரேக்கு அதில் பெரிய ருசி இல்லை. கண் ஏற்கெனவே காண்பதைத் திரும்பவும் காட்டுவதால் அறிவுக்கு என்ன லாபம் என்பது அவர் எண்ணம். மிக வேகமானதை மெதுவாக்கியும், மிக மெதுவானதை வேகமாக்கியும் காட்டினால்தான் கருவி கண்ணுக்கு அப்பால் போகிறது என்று எழுதினார். 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் பந்தயங்களில் அமெரிக்க ஓட்டக்காரர்களும் தாண்டுவோரும் அவருடைய காமிராவின் முன் நின்றது இந்த நோக்கத்தோடுதான். இதில் மட்டும் நான் அவருடன் முழுதும் ஒத்துப்போகமாட்டேன். சனிக்கிழமை இரவு தமிழ்ப்படம் காண மூன்று பஸ் மாறிப் போகிற நமக்கு, கண் காண்பதைக் காட்டுவதிலும் லாபம் உண்டு.

கடைசி ஆண்டுகளில் காற்றையே படம் பிடித்தார். கண்ணாடிப் பெட்டியில் மெல்லிய புகை இழைகளை இணையாக இறக்கி, நடுவே சாய்ந்த தகட்டையோ வளைந்த தடையையோ வைத்து, இழைகள் பிளந்து சுழல்வதை மெக்னீசியம் ஒளியில் பதித்தார். விமானம் பிறக்காத காலம் அது. ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர், பறத்தலைப் பற்றி ஆரம்பத்தில் படித்த நூல்களில் மாரேயின் விலங்கு யந்திரமும் ஒன்று.

பல நாட்டு உடலியல் ஆய்வுக்கூடங்களின் கருவிகளும் ஒரே தரத்தில் அமைய வேண்டுமென்பது அவருடைய இறுதி முயற்சி. அதற்கென நிலையத்தை ஒட்டி மாரே நிறுவனம் எழுந்தது. 1904 மே மாதத்தின் நடுவில் பாரிஸில் காலமானார். மைபிரிட்ஜ் பிறந்ததும் அதே 1830-ஆம் ஆண்டு. இறந்ததும் அதே 1904 மே மாதம், சில நாட்களே முந்தி.

நிறுவனத்தில் மாரேயின் பணியைத் தொடர்ந்தவர் லூசியன் புல் என்ற இளைஞர். நிற்பதும் ஓடுவதுமாகச் சுருளை இழுக்கும் தொல்லையையே அவர் விட்டுவிட்டார். பிலிமைச் சுழலும் உருளையில் சுற்றி, நிற்காமல் ஓடவிட்டு, மின்பொறியின் கணநேர ஒளியையே கதவாக்கினார். பூச்சி பறக்கும்போது விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் விழுந்தன. நிறுவனத்தின் கட்டடம் 1970-களின் இறுதியில் இடிக்கப்பட்டது. மாரே மனிதரையும் குதிரைகளையும் ஓடவிட்ட அந்த நிலத்தில் இன்று ரோலான் காரோஸ் டென்னிஸ் மைதானம் விரிந்து கிடக்கிறது.